தை நாட்கள், 2022

26 ஜனவரி, புதன்

காலை ஆறு மணி, ஆஸ்பத்திரி வராந்தா. டீயை வைத்துக்கொண்டு போனைத் திறந்தால் எங்கும் பிகேஎக்ஸெக், லினக்ஸில் ஒரு நிரலை வேறொருவர் அதிகாரத்தோடு ஓட்டித் தரும் சின்ன நிரல். அதில் ஒரு துளை இருப்பதை, குவாலிஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனக்காரர்கள் நேற்று ராத்திரி வெளியிட்டிருக்கிறார்கள். துளைக்குப் போன்கிட் என்று பெயர். 2009 மே மாதம் முதல் வந்த எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. சாதாரணக் கணக்கு ஒன்று இருந்தால் போதும், ரூட் ஆகிவிடலாம், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு.

நம் காலேஜ் லேப் சர்வரில் சாதாரணக் கணக்கு 212. ஓடுவது சென்ட்ஓஎஸ் 6 என்ற பழைய லினக்ஸ். அதற்கு 2020 நவம்பர் 30-ஓடு எல்லாம் முடிந்துவிட்டது, துளையை அடைக்கும் பேட்ச் வராது. பிள்ளைகள் வீட்டிலிருந்து லேப் செய்யட்டும் என்று வெளியே திறந்து வைத்தது நான்தான்.

அடைக்க ஒரே வரி போதும்: பிகேஎக்ஸெக் ஃபைலின் அனுமதியை மாற்றும் சிஎச்மோட் 0755. ஆனால் சர்வருக்குள் போகும் சாவி வீட்டு லேப்டாப்பில். அப்பாவைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு மாற்றாள் இல்லை. நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா கேட்டார்: "என்னட்டி, போனையே பாத்துக்கிட்டு இருக்க?"

இன்றும் அரைத் தம்ளர் கஞ்சிதான் இறங்கியது.

27 ஜனவரி, வியாழன்

முதல் பஸ்ஸில் பெருமாள்புரம் வந்து, குளிக்காமல், 7.10-க்கு முடித்தேன். அனுமதி வரிசையில் 'எஸ்' இருந்த இடத்தில் இப்போது 'எக்ஸ்'. யார் ஓட்டினாலும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓடு என்று சொல்வது அந்த 'எஸ்' என்ற ஒரு எழுத்து.

மதியம் முழு அறிக்கையையும் படித்தேன். படித்த பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நிரலைக் கூப்பிடும்போது அதற்கான சொற்களின் பட்டியலும், அது ஓடும் சூழலைச் சொல்லும் சூழல் மாறிகளின் பட்டியலும் நினைவகத்தில் அடுத்தடுத்துதான் கிடக்கும். நம் வீட்டுப் பந்தி மாதிரி: மாப்பிள்ளை வீட்டு இலைகள், நடுவில் ஒரு காலி இலை, உடனே பெண் வீட்டு இலைகள். பிகேஎக்ஸெக் எப்போதும் ஒன்றாம் எண்ணிலிருந்து எண்ண ஆரம்பிக்கும், ஏனென்றால் பூஜ்யத்தில் தன் பெயர் இருக்கும் என்று அதற்கு நம்பிக்கை. யாராவது பட்டியலை அடியோடு காலியாகக் கொடுத்தால்? பூஜ்யத்தில் அந்தக் காலி இலை. ஒன்றாம் எண்ணில் இருப்பது பெண் வீட்டு முதல் இலை. அதைத் தன்னுடையது என்று நினைத்துப் படிக்கிறது. படித்தாலும் போகட்டும், திருத்தி அங்கேயே எழுதியும் வைக்கிறது.

ரூட் அதிகாரத்தோடு ஓடும் நிரலுக்குள் ஆபத்தான மாறிகள் போகாதபடி வாசலிலேயே பறித்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. இப்படித் திருத்தி எழுதுவது அந்தச் சோதனை முடிந்த பிறகு நடக்கிறது. பறித்ததை உள்ளே வைத்து மறுபடி கையில் கொடுத்த மாதிரி.

எண்ணிக்கை பூஜ்யமா என்று ஒரு வரி கேட்டிருந்தால் போதும். 2013-லேயே ஒருவர் இந்த இடத்தைக் கவனித்து எழுதியிருக்கிறார். யாரும் திருத்தவில்லை.

இரவு 11. சர்வரில் நடந்ததைப் பதிந்துவைக்கும் லாக் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். ஷெல் மாறியின் மதிப்பு அனுமதித்த ஷெல்களின் பட்டியலில் இல்லை என்று ஒரு வரி. இந்தத் துளையைப் பயன்படுத்தினால் விழக்கூடிய வரிகளில் ஒன்று அது. நேரம், நேற்று இரவு 9.42. இரண்டாம் ஆண்டுப் பையன் ஒருவனுடைய கணக்கு.

9.42-க்கு நான் அப்பாவுக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

28 ஜனவரி, வெள்ளி

டாக்டர் சதைத் துணுக்கு எடுத்து அனுப்பிவிட்டார். ஒரு வாரம் ஆகும்.

29 ஜனவரி, சனி

பையனைக் கூப்பிட்டேன். திசையன்விளைப் பக்கம். பின்னால் ஆடு கத்துகிற சத்தம். முதலில் ஒன்றும் தெரியாது என்றான். நேரத்தைச் சொன்னதும் அழுதுவிட்டான்.

"ரூட் வருதான்னுதான் பாத்தேன் மேடம். ஐடின்னு அடிச்சேன், ஜீரோன்னு வந்துச்சு, ரூட்டோட நம்பர். பயந்துபோய் மூடிட்டேன்."

"வேற எதையும் தொட்டியா?"

"அம்மா சத்தியமா இல்ல மேடம்."

அவனை நம்புகிறேன். ஆனால் கவலை அவனைப் பற்றியது மட்டும் இல்லை. லாக்கில் தடமே விழாமலும் இதைச் செய்ய முடியும் என்று அறிக்கையிலேயே இருக்கிறது. இவன் விட்ட தடம் தெரிகிறது. வேறு யாராவது விடாத தடம்? ஃபைல்களை ஆர்பிஎம் என்ற நிரல் கொண்டு சரிபார்த்தேன், ஒன்றும் மாறவில்லை என்கிறது. ரூட் ஆனவன் அந்த ஆர்பிஎம்மையே மாற்றியிருந்தால் அது சொல்வதற்கு என்ன மதிப்பு?

துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

30 ஜனவரி, ஞாயிறு

கஞ்சி கால் தம்ளர்.

31 ஜனவரி, திங்கள்

தை அமாவாசை. ஒவ்வொரு வருஷமும் தாத்தாவுக்காகக் குறுக்குத்துறையில் படியிறங்குகிற அப்பா, இன்று கட்டிலில் உட்கார்ந்தபடி எள்ளும் தண்ணீரும் இறைத்தார். அம்மா சொம்பில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். கை நடுங்கிப் பாதி விரிப்பில் சிந்தியது. எள் தலையணை வரைக்கும். பொறுக்கப் போனேன், "கெடக்கட்டும்ட்டி" என்றார்.

துறைத்தலைவரிடம் போனில் பேசினேன். பரீட்சை முடியட்டும், இப்போது சர்வரைத் தொடாதே என்றார். பையன் பெயர் கேட்டார். சொல்லவில்லை. லாக்கை அனுப்பு என்றார், அனுப்பவில்லை. நான் ஒரு நாள் தள்ளிப்போட்டதற்கு அவன் ஏன் படிப்பை இழக்க வேண்டும்?

2 பிப்ரவரி, புதன்

நேற்றிலிருந்து வெளியிலிருந்து சர்வருக்குள் வரும் வாசலை மூடிவிட்டேன். நாற்பது பிள்ளைகள் போன் பண்ணிவிட்டார்கள். மூடித்தான் இருக்கும்.

3 பிப்ரவரி, வியாழன்

துணுக்கு எடுத்த ஃபோர்செப்ஸ் இடுக்கி, பார்க்கும் கருவி, சோதனைக்கூடம். ஒரு துணுக்கில் நோய் இல்லை என்றால் உடம்பில் எங்கும் இல்லை என்று எப்படிச் சொல்வார்கள்? டாக்டரிடம் கேட்டேன். "முதல்ல ரிப்போர்ட் வரட்டும்மா" என்றார்.

4 பிப்ரவரி, வெள்ளி

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. ராத்திரி ஒன்பது மணி, லேப்பில் நானும் வாட்ச்மேன் அண்ணாச்சியும். மாணவர்கள் சி மொழியில் எழுதிய ஃபைல்களை மட்டும் பிரதி எடுத்தேன். அவர்கள் சாவிகள், ஸ்க்ரிப்டுகள் எதுவும் வேண்டாம். கடவுச்சொல் எல்லாம் புதிது. பழைய டிஸ்க்கைக் கழற்றித் தேதி எழுதி பீரோவில் வைத்தாயிற்று. புது டிஸ்க்கில் உபுண்டு 20.04 லினக்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும் முதலில் பார்க்கப்போவது அந்த 'எஸ்' உள்ள ஃபைல்கள் எத்தனை என்று. ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது என்று எழுதி வைக்க வேண்டும்.

அண்ணாச்சி பிளாஸ்கிலிருந்து சுக்குக்காப்பி ஊற்றிக் கொடுத்தார். அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. அதுவே பெரிய உபகாரம்.

அம்மா போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம். உறையைப் பிரிக்கவில்லை, நீ வா என்றாள்.

62 சதவீதத்தில் நிற்கிறது.