முகத்து மங்கோடு 14 மாதங்கள்

இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்த ஏழாம் மாதத்தில் என் இரு கன்னங்களிலும் மேலுதட்டுக்கு மேலேயும் பழுப்புத் திட்டுகள் படரத் தொடங்கின. வளைகாப்புக்கு வந்த ஆச்சி என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏளா, மங்கு விழுந்திருக்கு. பிள்ளை பெத்தா தன்னால போயிரும்" என்றார். பலருக்கு அப்படி மறைந்துவிடுகிறது என்பது உண்மைதான். எனக்கு மறையவில்லை. குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்த தை மாதத்தில், வீட்டு வைத்தியத்தைத் தொடங்கினேன்.

முதலில் ஜாதிக்காய். சந்தனக் கல்லில் சில சொட்டுப் பசும்பால் விட்டு ஜாதிக்காயை வட்டமாக இழைத்தால், வெளுத்திருக்கும் பால் மெல்லப் பழுப்பேறி, விழுதாகத் திரண்டு, அறை முழுவதும் கார மணம் எழும். இரவில் அதைத் திட்டுகளின் மேல் பூசிக் கால் மணி நேரம் கழித்துக் கழுவினேன். நான்கு நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் கன்னம் சிவந்து அரித்தது. எரிந்தால்தான் மருந்து பிடிக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பி, இன்னும் ஒரு வாரம் விடாமல் பூசினேன். சிவப்பு அடங்கியபோது, முன்பு மங்கு இல்லாத ஓரத்திலும் கருமை ஏறியிருந்தது.

அடுத்தது எலுமிச்சைச் சாறும் தேனும். சித்திரை மாதம், வடகம் பிழியும் காலம். முகத்தில் பூசியதைக் கழுவிவிட்டுத்தான் மாடிக்குப் போனேன்; ஆனால் காதோரத்திலும் தாடையிலும் சாறு ஒட்டியிருந்ததைக் கவனிக்கவில்லை. வெள்ளை வேட்டியை விரித்து, பதினொரு மணி வெயிலில் ஒரு மணி நேரம் வடகம் பிழிந்தேன். மறுநாள் சாறு வழிந்த தடத்திலேயே தோல் கன்றி, ஒரு வாரத்தில் அது கோடு போட்டாற்போல் கறுத்தது. எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில வேதிப்பொருட்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தீப்புண் போன்ற காயத்தை உண்டாக்கும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதை ஒவ்வொரு பெண்ணிடமும் சொல்ல வேண்டும் என்று இன்றும் எனக்குப் பதைப்பாக இருக்கிறது. ஏனென்றால் மங்குக்கு எல்லோரும் முதலில் சொல்வது எலுமிச்சையைத்தான்.

உருளைக்கிழங்குச் சாறு, கஸ்தூரி மஞ்சள், தயிரில் குழைத்த கடலை மாவு ஆகியவற்றால் தீமையும் இல்லை, திட்டில் மாற்றமும் இல்லை. கற்றாழை மட்டும் எரிச்சலைத் தணித்தது. இதற்கிடையில் என் ஓரகத்தி, தான் மருந்துக் கடையில் வாங்கிய களிம்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். இரண்டே வாரத்தில் அவள் முகம் பளிச்சென்று ஆகியிருந்தது. நானும் பூசத் துணிந்திருப்பேன். அதற்குள் அவள் அதை நிறுத்தியதும் முகம் சிவந்து பருக்கள் வெடித்ததைப் பார்த்துவிட்டேன்.

வைகாசிக் கடைசியில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். இருட்டறையில் ஊதா விளக்கைப் பிடித்து, நிறமி தோலின் மேலடுக்கில் எவ்வளவு, ஆழத்தில் எவ்வளவு என்று பார்த்தார். பிறகு அவர் சொன்ன ஒன்று, அதுவரை நான் செய்தவற்றை எல்லாம் எனக்கு விளக்கிவிட்டது: மங்கு உள்ள தோலை எது உறுத்தினாலும், அந்த அழற்சி ஆறும்போது இன்னும் கருமையை விட்டுச் செல்லும், ஆகவே எரியும் எதுவும் மங்குக்கு மருந்தாகாது. ஓரகத்தியின் களிம்பில் ஸ்டீராய்டு இருந்தது என்றும், அத்தகைய களிம்புகள் 2018 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை என்றும் சொன்னார். நான் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டிருந்ததால் அசெலாயிக் அமிலக் களிம்பை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

ஆனால் அவர் அதிக நேரம் பேசியது வெயிலைப் பற்றித்தான். கர்ப்பகால ஹார்மோன்கள் தொடங்கிவைத்ததை வெயில் விடாமல் வளர்க்கிறது. புற ஊதாக் கதிர் மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கருக்க வைக்கும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசி, வெளியே இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும் பூசச் சொன்னார். தோலின் மேலடுக்கு புதுப்பிக்கப்படவே ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும் என்பதால், மூன்று மாதங்களுக்கு முன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

பெரியவனைப் பள்ளியில் விட ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டேன். கடைத்தெருவுக்குக் குடை எடுத்துப் போனேன். ஞாயிறுதோறும் அடுக்களை ஜன்னல் ஓரத்தில், ஒரே நேரத்தில் கைபேசியில் முகத்தைப் படம் எடுத்து வைத்தேன். கண்ணாடியில் தினம் பார்த்தால் மாற்றம் பிடிபடுவதில்லை. புரட்டாசிப் படத்தை ஆனிப் படத்தோடு வைத்துப் பார்த்தபோதுதான், திட்டுகளின் ஓரங்கள் கரைந்திருப்பது தெரிந்தது. எலுமிச்சைக் கோடு முழுவதும் போய்விட்டது.

வீட்டு வைத்தியத்தில் கற்றாழை மட்டும் என்னிடம் தங்கியிருக்கிறது. அதையும் வெட்டியதும் வழியும் மஞ்சள் பாலை வடித்துக் கழுவி, முழங்கை மடிப்பில் ஒரு நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது பங்குனி. கன்னத்துத் திட்டுகள் பாதிக்கு மேல் வெளுத்துவிட்டன, மேலுதட்டின் மேல் இருப்பது இன்னும் அப்படியே நிற்கிறது. அடுத்த மாதம் வடகம் பிழிய வேண்டும். காலை ஏழு மணிக்குள் பிழிந்து முடித்துவிடலாம், மாவை முந்தைய இரவே கிண்டி வைத்துவிடு என்று அத்தையே சொல்லியிருக்கிறார்.