நானா இருந்தா கடலை போடமாட்டேன்

"நீங்க என் இடத்துல இருந்தா என்ன சார் செய்விய?"

சட்டம் கேட்டு வருகிறவர்கள் உண்டு, நிவாரணம் கேட்டு வருகிறவர்கள் உண்டு, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எல்லாருக்கும் வனத்துறைக்காரர்களான எங்களிடம் தயாராகப் பதில் இருக்கும். காட்டுப்பன்றிக்குக் கடலை விளைச்சலைப் பறிகொடுத்து நின்ற அண்ணாச்சி கேட்டதற்கு இல்லை. இருந்தும் யோசிக்காமல் சொன்னேன்: "நானா இருந்தா கடலை போடமாட்டேன் அண்ணாச்சி."

யோசிக்காமல் என்று எழுதிவிட்டேன். அது முழுக்க உண்மையில்லை. ஒரு காரணம் இருந்தது, அதற்கு வருகிறேன்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மோட்டாரை நிறுத்தப் போய்விட்டார். ஆடி வந்தது. அவர் விதைக்கவில்லை. கடலை மட்டுமில்லை, வேறெதுவும் போடவில்லை.

காட்டுப்பன்றி பற்றி 2025 ஜனவரியில் தமிழக அரசு போட்ட ஆணையின் கணக்கு இப்போது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரை பன்றிமேல் கை வைக்கக் கூடாது. ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றைத் தாண்டினால் துறை ஆட்கள் சுடலாம். கிராமக் குழுவில் வி.ஏ.ஓ., ஊராட்சித் தலைவர், வனக்காப்பாளர் என்ற முறையில் நான். அண்ணாச்சியின் வயல் மூன்றுக்குக் கொஞ்சம் உள்ளே விழுந்தது. குளத்துக்குக் கிழக்கே இருக்கிற வயல்கள் வெளியே. ராத்திரி இரண்டு பக்கமும் மேய்வது ஒரே கூட்டம்.

"ரோட்டு வழியா அளந்தா நாலரை வருமே சார்?"

"பன்னி ரோட்டு வழியா வர்றதில்லையே அண்ணாச்சி."

அதற்குச் சிரித்தார். அப்போது எங்களுக்குள் சிரிக்க இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற ஒருவர், "புளியரையத் தாண்டிட்டா ஆரியங்காவுல பஞ்சாயத்துத் தலைவரே சுடச் சொல்லலாமாம்லா" என்றார். சொன்னது சரிதான். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. உரிமம் வைத்திருக்கிற துப்பாக்கிக்காரரைக் கூப்பிட்டுச் சுடவைக்கலாம். இரண்டு மாநிலத்துக்கும் அதே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், கணவாய்க்கு இரண்டு பக்கமும் அதே பன்றி. "எனக்கு வந்திருக்கிற ஆணையைப் பார்த்துத்தான் நான் வேலை செய்ய முடியும்" என்றேன். அந்தப் பதிலில் எனக்கு இன்றும் உறுத்தல் இல்லை.

கிழக்கே அனுமதி கிடைத்தது, சுட்டார்கள். விழுந்ததைக் குழி தோண்டிப் புதைத்தோம். கறி கேட்டு வந்தவர்களோடு மல்லுக்கட்டியது தனிக்கதை. கூட்டத்தில் ஒன்று விழுந்தால் மிச்சம் சிதறும், சிதறினது வெடிச் சத்தம் இல்லாத பக்கமாகப் போய்ச் சேரும். எங்கள் ஊரில் சத்தம் இல்லாத பக்கம் என்றால் மேற்கு. மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கிற மேற்கு.

அப்படியே சிலதைச் சுட்டாலும் எண்ணிக்கை இறங்குகிற மாதிரித் தெரியவில்லை. பெட்டைக்கு முழுசாக நாலு மாதம்கூட வேண்டாம், ஈற்றுக்கு நாலு, ஆறு என்று போட்டுவிடும். சிறுத்தையும் செந்நாயும் பெரும்பாலும் மலையோடு நின்றுவிடுகின்றன. குளத்துக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, பகலில் படுக்க இடம் ஆயிற்று. ராத்திரிக்குக் கடலை, மக்காச்சோளம், மரவள்ளி என்று வரப்பைத் தாண்டினால் சாப்பாடு. "காட்டிலிருந்து வந்து அழிக்கின்றன" என்று மனுவில் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கூட்டத்தில் பாதி காட்டையே பார்த்திருக்காது. அதைப் பிடித்து நாங்கள் காட்டில் கொண்டுபோய் விட வேண்டும்.

விட்டோம், விடாமல் இல்லை. கூண்டு வைத்தோம், தவிடும் கனிந்த வாழைப்பழமும் போட்டு. முதலில் மாட்டியது ஊர் நாய். பிறகு ஒரு இளம் பன்றி விழுந்தது, வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோய் விட்டோம். மறுநாள் டீக்கடையில் அண்ணாச்சி கேட்டார்: "இறக்கிவிட்டியளே, திரும்பி வர வழி கேட்டுச்சா?" மற்ற பன்றிகள் கூண்டைச் சுற்றிக் காலடி மட்டும் வைத்துவிட்டுப் போயின.

இனி அந்தக் காலை. கடலை முற்றி, பிடுங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கும். போன் வந்து போனேன். வரிசை மாறாமல் மூக்கால் உழுதிருந்தது. செடியைத் தின்னவில்லை, பிடுங்கி ஓரமாகப் போட்டுவிட்டுக் கடலையை மட்டும் தின்றிருக்கிறது. மென்று துப்பிய தொலிச் சக்கை ஈரம் காயாமல் கொத்துக்கொத்தாகக் கிடந்தது. அண்ணாச்சி ஒரு செடியைத் தூக்கிக் காட்டினார், வேரில் இரண்டு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. "பிஞ்ச விட்டுட்டுப் போயிருக்கு பாருங்க. முத்துனதுதான் வேணும் அதுக்கு." கோபமாகச் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரனைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொன்னார்.

நிவாரண மனுவுக்குப் படம் எடுக்க வயலைச் சுற்றி வந்தேன். மோட்டார் ரூம் கதவு திறந்திருந்தது. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு சுருள் ஜி.ஐ. கம்பி தொங்கியது. புதுசு, கடையில் சுற்றிக் கொடுத்த பேப்பர்கூட முழுக்கப் பிரியவில்லை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"அது பாவக்காப் பந்தலுக்கு வாங்குனது சார்."

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் வயலில் பந்தல் கிடையாது. இனிமேல் போடுவதற்கு வாங்கியிருக்கலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில் வந்தால் எங்கள் வேலையில் இருக்கிறவனுக்குக் காது தானாக நிமிர்ந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் பன்றிக்காகச் சட்டவிரோதமாக இழுத்த மின்கம்பியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தப்பின. கம்பி இழுத்தவர் யானையை நினைத்து இழுத்திருக்க மாட்டார். முறையாகப் போட்ட சோலார் வேலி விட்டு விட்டுத்தான் அடிக்கும், தொட்டது உதறிக்கொண்டு ஓடிவிடும். லைனிலிருந்து நேராக எடுத்தால் 230 வோல்ட், பிடித்ததை விடாது. பன்றியா, மாடா, தென்னைக்கு இறங்கி வந்த யானையா, ராத்திரி மடை திறக்க வந்த பக்கத்து வயல்காரரா என்று அது பார்க்காது. எங்கள் சரகத்தில் யானை இறங்காத வருஷம் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் கம்பிச் சுருளைப் பார்த்தால் எனக்கு வேறெதுவும் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அந்த நேரத்தில்தான் அவர் கேட்டார், என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று.

"கம்பி மட்டும் இழுத்துறாதீங்க அண்ணாச்சி" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். பல தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அது அவர்மேல் குற்றம் சாட்டுவதாகத்தான் வந்து நிற்கிறது. விளைச்சலைப் பறிகொடுத்து நிற்கிற மனுசனிடம் போய் 'நீ நாளைக்குக் கொலை செய்யப்போகிறாய்' என்று சொல்வதா? அதனால் சுற்றி வந்தேன். கடலை இல்லையென்றால் பன்றி இல்லை, பன்றி இல்லையென்றால் கம்பிக்கு வேலை இல்லை. இப்படித்தான் என் கணக்கு ஓடியது. அந்த வருஷம் என் பீட்டில், அதாவது நான் காவல் பார்க்கிற பகுதியில், மின்வேலியில் ஒரு உயிரும் போகவில்லை. அதற்கு என் வாக்கியம்தான் காரணம் என்று சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. இருந்தாலும் அவ்வப்போது எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

எங்கள் வனவர் இதைக் கேட்டுவிட்டு, "நீ அவரை விவசாயத்த விடச் சொல்லிட்டு வந்திருக்க, அவ்வளவுதான்" என்றார். அவர் எதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவார். விடச் சொல்லவில்லையே, 'நானா இருந்தா' என்றுதானே சொன்னேன் என்று வாதாடினேன். மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவன் 'நானா இருந்தா' என்று ஆரம்பிப்பதே கொஞ்சம் அதிகம்தான் என்று பிறகு தோன்றியது. ஆனால் கேட்டது அவர்தானே. கேட்டவரிடம் "எனக்குத் தெரியாது அண்ணாச்சி" என்று சொல்லியிருந்தால் அது யோக்கியமான பதிலா, இல்லை தப்பித்துக்கொள்வதா? வரப்பில் பழைய சேலை கட்டு, சலூனிலிருந்து முடி வாங்கித் தூவு, ஓரத்தில் ஆமணக்கு போடு, தகரம் தட்டு என்று சொல்லியிருந்தால் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார். அதையெல்லாம் எனக்கு முன்னாலேயே செய்து பார்த்தவர் அவர். பரணில் படுத்துப் படுத்து முதுகு போனதுதான் மிச்சம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒருவேளை அது நிஜமாகவே பாவக்காய்ப் பந்தலுக்கு வாங்கிய கம்பியாக இருந்தால்? நான் பார்த்த பார்வையை அவர் புரிந்துகொண்டார், அதில் சந்தேகமில்லை. 'வனத்துறைக்காரன் என்னை அப்படி நினைக்கிறான், இனி நம்ம வயலில் எது செத்தாலும் என் தலையில்தான் விழும்' என்று பயந்துதான் விதைக்காமல் விட்டாரோ என்னவோ. அப்படியானால் கடலையை நிறுத்தியது நான் சொன்ன சொல்கூட இல்லை, என் கண். இதை யாரிடமும் போய்க் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள முடியாது. அவரிடம் கேட்டால், "அதெல்லாம் இல்ல சார், ஆள் கிடைக்கல" என்பார். அதுவும் பொய்யாக இருக்காது.

வடகிழக்கு மழை முடிந்ததும் அந்த வயல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. புல், ஊமத்தை, நடுநடுவே சீமைக்கருவேலங்கன்று. தரிசுக்கு வேறு என்ன முளைக்கும்? குளத்துக்குள் படுத்திருந்த கூட்டத்தில் ஒரு பகுதி இப்போது பகலில் இங்கே படுக்கிறது. பக்கத்து வயல்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள், வனத்துறைமேல் இல்லை, அண்ணாச்சிமேல். நிலத்தைப் போட்டுவைத்துப் பன்றிக்கு இடம் கொடுக்கிறாராம். மனு சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்தது.

கள ஆய்வுக்குப் போனேன். அண்ணாச்சியும் வந்து நின்றார். "நீங்க சொன்னபடி கடலை போடல சார். இப்போ நான் பன்னி போட்டிருக்கேன்னு ஊர்ல பேசுதாங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலுக்குள் இறங்கிப் பார்த்தோம். புல் அமுங்கிய பள்ளங்கள், குட்டிகளின் காலடி, புதிய விட்டை. மோட்டார் ரூம் பூட்டியிருந்தது. கம்பிச் சுருளைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஆய்வறிக்கையில் நிலம் தரிசாக விடப்பட்ட காரணம் எழுத வேண்டியிருந்தது. 'வனவிலங்குத் தொந்தரவு' என்று எழுதினேன். பொய் இல்லை. ரேஞ்சர் படித்துவிட்டு, "உழுது சுத்தம் செய்ய நில உரிமையாளருக்கு அறிவுறுத்தப்பட்டதுன்னு ஒரு வரி சேருப்பா" என்றார். சேர்த்துவிட்டேன். சேர்த்தால் போதாது, போய்ச் சொல்லவும் வேண்டும். உழ டிராக்டர் வாடகை ஆகும். உழுதபின் அதில் என்ன போடுவது என்று அவர் கேட்கத்தான் செய்வார். கேட்பதற்கு முன்னால் வேளாண்மை அலுவலரை எப்படியாவது கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று பார்க்கிறேன். அவர் இந்த வாரம் பயிற்சிக்குப் போயிருக்கிறாராம்.