பி10, சி10: கிணற்று மோட்டருக்குப் பிரேக்கர் மாற்றிய அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வளவில் கச்சான் போட்டிருக்கிறோம். இந்த முறை கிணற்றில் அரை எச்பி மோட்டரைக் கழற்றிவிட்டு 1 எச்பி பூட்டினோம். அன்றிலிருந்து பிரேக்கர் (கரண்ட் கூடினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழத் தொடங்கியது. சுவிட்சைப் போட்டால் ஒரு உறுமல், டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சில நாள் நாலு தடவை தூக்கிவிட வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலம் ஒரு பிரச்சினையும் இல்லை.

பக்கத்து வளவு அண்ணை, "32 அம்பியர் ஒண்டு வாங்கிப் போடும் தம்பி, விழாது" என்றார். வாங்கியும் வந்துவிட்டேன். நல்ல காலம், பூட்டுவதற்கு வயரிங்காரரைக் கூப்பிட்டேன். பெட்டியைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது வயரை.

"1.5 சதுர மில்லிமீற்றர் வயர் தம்பி, குழாய்க்குள்ளால போகுது. இதுக்கு 16க்கு மேல போடக்கூடாது. 32 போட்டா பிரேக்கர் விழாது, வயர்தான் உருகும்."

பிறகு பழைய பிரேக்கரில் டோர்ச் அடித்துக் காட்டினார். 10க்கு முன்னால் சின்னதாக 'பி' என்று இருந்தது. இத்தனை வருடமாக அந்த எழுத்தை நான் கவனித்ததே இல்லை. பி வகை, தன்மேல் எழுதியிருக்கும் அம்பியரைப் போல 3 முதல் 5 மடங்கு கரண்ட் ஒரே அடியாக வந்தால் உடனே விழும். சி வகைக்கு அது 5 முதல் 10 மடங்கு, டி வகைக்கு 10 முதல் 20. மோட்டரை மீட்டரால் பிடித்துப் பார்த்தோம்: ஓடும்போது 6 அம்பியர் சொச்சம். ஆனால் கிளம்பும் அந்தக் கணத்தில் அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 30 அம்பியரைத் தாண்டினாலே பி10 விழக்கூடும். சி10 50 வரை தாங்கும். நம்பர் அதே 10தான் என்பதால் வயருக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்றையும் அவர் விடவில்லை. ட்ரிப் சுவிட்சின் (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்தார். கரண்ட் அடிக்கும்போது உயிரைக் காப்பது அந்த 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச்தான்; பிரேக்கர் காப்பது வயரை. ஈரக் கையோடு மோட்டரடியில் நிற்கும் எங்களுக்கு இரண்டும் வேண்டும்.

32ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடையில் "சி10" என்று எழுத்தோடு சேர்த்துக் கேட்டு வாங்கினேன். வெறுமனே பத்து அம்பியர் என்று கேட்டிருந்தால் திரும்பவும் பி10 கிடைத்திருக்கலாம். மோட்டர் இப்போது முதல் தடவையிலேயே ஓடுகிறது.