ரெஃப்ரெஷ் முடிந்தது, லாகின் போச்சு: ஒரு சேல்ஸ்ஃபோர்ஸ் சாண்ட்பாக்ஸ் அனுபவம்

வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் டெஸ்டிங் செய்பவர்களுக்கு சாண்ட்பாக்ஸ் ரெஃப்ரெஷ் என்றாலே வயிற்றில் ஒரு கலக்கம் வரும். நிஜ வேலை நடக்கும் சூழல் புரொடக்‌ஷன், அதன் நகலாக இருக்கும் டெஸ்ட் சூழல் சாண்ட்பாக்ஸ். புரொடக்‌ஷனைப் புதிதாக நகலெடுத்து, பழைய டெஸ்ட் சூழலைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைப்பதுதான் ரெஃப்ரெஷ். டெவலப்பர் வகை சாண்ட்பாக்ஸ் என்றால் நாளுக்கு ஒரு முறை செய்துகொள்ளலாம். தரவில் ஒரு பகுதி மட்டும் வரும் பார்ஷியல் காப்பிக்கு 5 நாள் இடைவெளி வேண்டும், முழுத் தரவும் வரும் ஃபுல் காப்பிக்கு 29 நாள். எங்கள் ப்ராஜெக்டில் இருந்தது ஃபுல் காப்பி. ஏதோ சரியில்லை, இன்னொரு தடவை ரெஃப்ரெஷ் போட்டுப் பார்ப்போம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. வந்ததை வைத்துக்கொண்டு சமாளிக்க வேண்டும்.

நான் சென்னையில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் டெஸ்டிங் குழுவைப் பார்த்துக்கொள்கிறேன். வாடிக்கையாளர் வெளிநாட்டு நிறுவனம். அவர்களுடைய அட்மின் காலையில் வேலைக்கு உட்காரும்போது இங்கே சாயங்கால டீ முடிந்திருக்கும். வார இறுதியில் ரெஃப்ரெஷ் முடிந்து ஆக்டிவேட் செய்துவிட்டதாக அவரிடமிருந்து மெயில் வந்திருந்தது. திங்கட்கிழமை யுஏடி, அதாவது வாடிக்கையாளர் ஏற்புக்கான இறுதிக்கட்ட டெஸ்டிங், தொடங்க வேண்டும். காலையில் வந்து பார்த்தால் குழுவில் ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை.

திரையில் வந்தது அந்தப் பழகிப்போன வாசகம்தான்: யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் சரிபாருங்கள், அப்படியும் முடியாவிட்டால் அட்மினைத் தொடர்பு கொள்ளுங்கள். "அக்கா, எனக்கும் அதேதான் வருது" என்று ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, எல்லோருக்கும் ஒரே கோளாறு என்றுதான் தோன்றும். அப்படி நினைத்துவிட்டால் நாள் முழுக்க வீண். யூசர்நேமே இல்லையென்றாலும் அந்த வாசகம்தான், பாஸ்வேர்ட் தப்பென்றாலும் அந்த வாசகம்தான். எது தப்பு என்று வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்கு நல்லதுதான். காலையில் வேலையைத் தொடங்க வேண்டியவர்களுக்குத்தான் எரிச்சல்.

அட்மின் வரும்வரை எங்கள் பக்கத்தில் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்தோம். எந்த முகவரியில் லாகின் செய்கிறார்கள்? புரொடக்‌ஷனுக்கு லாகின்.சேல்ஸ்ஃபோர்ஸ்.காம், சாண்ட்பாக்ஸுக்கு டெஸ்ட்.சேல்ஸ்ஃபோர்ஸ்.காம். இது தெரியாதவர் யாரும் இல்லை, ஆனால் பிரவுசருக்கு அது பற்றிக் கவலை இல்லை. அது தன் பாட்டுக்குப் பழைய புக்மார்க்கைக் காட்டும், பழைய யூசர்நேமை நிரப்பும். சிலரிடம் இருந்த புக்மார்க் 2023க்கு முந்தையது. வின்டர் 24 வெளியீட்டில் என்ஹான்ஸ்டு டொமைன் என்ற புது முகவரி முறை கட்டாயமானதிலிருந்து, நிறுவனம் தனக்கென்று வைத்துக்கொண்ட மை டொமைன் பெயர், இரண்டு சிறு கோடு (ஹைஃபன்), சாண்ட்பாக்ஸ் பெயர், அதற்குப் பிறகு 'சாண்ட்பாக்ஸ்' என்ற சொல் என்று முகவரியின் அமைப்பே மாறிவிட்டது. புக்மார்க்கை அழித்துவிட்டு முகவரியைக் கையால் அடிக்கச் சொன்னேன், இன்காக்னிட்டோ விண்டோவில்.

யூசர்நேமில் வால் இருக்கும். புரொடக்‌ஷன் யூசர்நேமுக்குப் பின்னால் ஒரு புள்ளியும் சாண்ட்பாக்ஸின் பெயரும் சேர்ந்துகொள்ளும். எங்களுடையது 'யுஏடி'. புரொடக்‌ஷன் முகவரியில் இந்த வாலை விட்டுவிட்டு அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அன்றைக்கே ஒரு காட்சி கிடைத்தது. குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர், "உள்ளே போயிட்டேன் அக்கா" என்று சந்தோஷமாகக் கத்தினார். போய்ப் பார்த்தால் திரையின் மேலே சாண்ட்பாக்ஸ் பெயரைக் காட்டும் பட்டை இல்லை. அவர் நுழைந்திருந்தது புரொடக்‌ஷனுக்குள்! அவருக்கு அங்கே பார்க்கும் உரிமை மட்டும் இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. "முதல்ல லாக் அவுட் பண்ணுப்பா" என்றேன். அந்தப் பட்டையைப் பார்க்காமல் எதையும் சேமிக்காதீர்கள் என்று குழுவுக்கு அடிக்கடி சொல்வேன். அன்றைக்கு அப்புறம் சொல்லவே தேவைப்படவில்லை.

முகவரி சரி, வாலும் சரி என்று ஆன பிறகும் பெரும்பாலானோர் வெளியில்தான் நின்றார்கள். சாண்ட்பாக்ஸில் வேலை செய்யும் பாஸ்வேர்ட், நகலெடுத்த நேரத்தில் புரொடக்‌ஷனில் இருந்த பாஸ்வேர்ட். பழைய சாண்ட்பாக்ஸில் தனியாக மாற்றி வைத்திருந்தது பழைய சாண்ட்பாக்ஸோடு போய்விட்டது. சரி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' கொடுப்போம் என்று கொடுத்தால் மெயில் வரவே இல்லை.

மெயில் ஏன் வரவில்லை என்பது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். சாண்ட்பாக்ஸ் உருவாகும்போதும் ரெஃப்ரெஷ் ஆகும்போதும் யூசர்களின் மெயில் முகவரிக்குப் பின்னால் '.இன்வேலிட்' என்று ஒட்டிவிடுவார்கள். அதைச் செய்த அட்மினின் முகவரி மட்டும் தப்பிக்கும். டெஸ்ட் சூழலிலிருந்து கிளம்பும் தானியங்கி மெயில்கள் உண்மையான ஊழியர்களின் இன்பாக்ஸில் போய் விழக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அந்தச் சொல்லைத் தேர்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. 1999இல் வந்த ஆர்எஃப்சி 2606 என்ற இணைய விதிமுறை ஆவணம், '.டெஸ்ட்', '.எக்ஸாம்பிள்', '.லோக்கல்ஹோஸ்ட்' ஆகியவற்றோடு '.இன்வேலிட்'டையும் யாருக்கும் ஒதுக்கக் கூடாத டொமைனாகத் தனியே எடுத்து வைத்துவிட்டது. ஆகவே அந்த முகவரிக்குப் போகும் மெயில் இணையத்தில் யாருக்கும் போய்ச் சேராது. ரீசெட் மெயிலும் அப்படித்தான், புது பிரவுசரில் நுழையும்போது அனுப்பும் சரிபார்ப்புக் கோடும் அப்படித்தான். ஸ்பேம் ஃபோல்டரைத் துழாவிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தச் சொன்னேன்.

இன்னொன்றையும் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது. இயல்பான அமைப்பில் 10 தவறான முயற்சிக்குப் பிறகு கணக்கு 15 நிமிடத்துக்குப் பூட்டிக்கொள்ளும். பூட்டிய பிறகு சரியான பாஸ்வேர்டே போட்டாலும் உள்ளே விடாது. அசல் கோளாறு எது, பூட்டியதால் வந்த கோளாறு எது என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

சாயங்காலம் அட்மின் ஆன்லைனில் வந்ததும் பாஸ்வேர்டை ரீசெட் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. லாகின் ஹிஸ்டரியை டவுன்லோட் செய்து அனுப்பச் சொன்னேன். இந்த ஒரு பக்கத்தின் அருமை நிறைய டெஸ்டர்களுக்குத் தெரிவதில்லை. கடந்த 6 மாதத்து லாகின் முயற்சிகள் செட்டப்பில் (அட்மினுக்கான அமைப்புப் பகுதி) இருக்கும்: நேரம், ஐபி முகவரி, எந்த லாகின் முகவரி வழியாக வந்தார்கள், எந்த பிரவுசர், முடிவு என்ன என்று எல்லாம். திரையில் சொல்லாததை இங்கே வெளிப்படையாகச் சொல்லும். பாஸ்வேர்ட் தப்பு என்றால் அப்படியே இருக்கும். ஐபி தடுக்கப்பட்டது என்றால் அதுவும் இருக்கும்.

அந்த ஃபைலில் எனக்கு மிகவும் உதவியது இல்லாத வரிகள். காலையிலிருந்து மாய்ந்து மாய்ந்து முயன்ற சிலருடைய பெயரில் ஒரு வரிகூட இல்லை. வரி இல்லை என்றால் அவர் இந்தச் சூழலின் கதவைத் தட்டவே இல்லை என்று பொருள். ஒன்று, வேறு முகவரியில் முயன்றிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த யூசரே இங்கே கிடையாது. முகவரியைத்தான் காலையிலேயே சரிசெய்துவிட்டோமே! அட்மினிடம் யூசர் பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெயர்கள் இல்லை.

அங்கேதான் முழு விஷயமும் பிடிபட்டது. அந்த டெஸ்டர்களுக்குப் புரொடக்‌ஷனில் கணக்கு இருந்ததே இல்லை. போன வருடம் பழைய சாண்ட்பாக்ஸிலேயே நேராக உருவாக்கியிருக்கிறார்கள். ரெஃப்ரெஷ் என்பது புரொடக்‌ஷனின் நகல், அங்கே இல்லாதது இங்கே எப்படி வரும்? அதற்கப்புறம் மிச்சப் பிரச்சினைகளையும் இதே கண்ணால் பார்த்தேன். பழைய சாண்ட்பாக்ஸில் மட்டும் இருந்தது, புரொடக்‌ஷனில் இல்லாதது என்னென்ன? வரிசையாக விடை வந்தது.

ஐபி கட்டுப்பாடு அதில் ஒன்று. ஹிஸ்டரியில் 'ரெஸ்ட்ரிக்டட் ஐபி' என்று விழுந்திருந்தவர்கள் எல்லோரும் சென்னை அலுவலகத்திலிருந்து முயன்றவர்கள். சாண்ட்பாக்ஸின் புரொஃபைல்களில் (யூசருக்கு என்னென்ன அனுமதி என்று தீர்மானிப்பவை) எங்கள் அலுவலக ஐபி வரம்பை முன்பு யாரோ சேர்த்திருந்தார்கள். புரொடக்‌ஷனில் வெளியார் ஐபியை எதற்குச் சேர்ப்பார்கள்? நகலெடுத்ததும் போய்விட்டது. இதில் பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. செட்டப்பின் நெட்வொர்க் அக்ஸஸ் பக்கத்தில் சேர்க்கும் நம்பகமான ஐபி வரம்பு சரிபார்ப்புக் கோடு கேட்காமல் விடுவதற்கு மட்டும்தான். புரொஃபைலில் போடும் லாகின் ஐபி வரம்பு வேறு ஜாதி: அதற்கு வெளியில் இருந்து வந்தால் கோடு எல்லாம் கேட்காது, நேராகத் தள்ளிவிடும். அட்மின் முதலாவதில் சேர்த்துவிட்டு "இப்போது பாருங்கள்" என்றார். புரொஃபைலிலும் சேர்க்கச் சொன்ன பிறகுதான் வழி திறந்தது.

யூசர்களைத் திரும்ப உருவாக்குவதும், இருந்தவர்களின் மெயிலிலிருந்து '.இன்வேலிட்'டை எடுப்பதும் அட்மினின் வேலை. மெயிலை மட்டும் திருத்திச் சேமித்தால் புது முகவரிக்கு ஒரு உறுதிப்படுத்தும் மெயில் போகும், அதிலுள்ள லிங்க்கை யூசர் அமுக்கினால்தான் மாற்றம் நிலைக்கும். திருத்தும்போதே, புது பாஸ்வேர்ட் உருவாக்கி உடனே தெரிவிக்கும் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால் இந்தச் சுற்று வேண்டாம். அப்போது வாடிக்கையாளர் பக்கம் ஒருவர், மெயில் போகாததற்கு எந்த மெயில்களை வெளியே விடலாம் என்று தீர்மானிக்கும் டெலிவரபிலிட்டி அமைப்புதான் காரணம், 'எல்லா மெயிலும்' என்று மாற்றிவிடுங்கள் என்றார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். புது சாண்ட்பாக்ஸில் இருக்கும் 'சிஸ்டம் மெயில் மட்டும்' என்ற நிலையிலேயே பாஸ்வேர்ட் மெயில்கள் போகும். ஃபுல் காப்பியில் யூசர்களின் மெயிலுக்குத்தான் வால் ஒட்டுவார்கள். வாடிக்கையாளர்களின் கான்டாக்ட் பதிவுகளில் உள்ள மெயில்கள் அசலாகவே கிடக்கும். அவர்களுக்கெல்லாம் டெஸ்ட் இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்தால் யார் பதில் சொல்வது?

எஸ்எஸ்ஓ (நிறுவன லாகின் ஒன்றை வைத்தே எல்லாச் செயலிகளுக்குள்ளும் போகும் முறை) வழியாக நுழையும் வாடிக்கையாளர் ஊழியர்களின் கதை தனி. சாண்ட்பாக்ஸில் புரொடக்‌ஷனின் எஸ்எஸ்ஓ அமைப்பே நகலாகி வந்திருந்தது. அதிலிருந்த என்டிட்டி ஐடி, அதாவது சூழலின் அடையாளப் பெயர், புரொடக்‌ஷனுடையது. ஆள் யாரென்று உறுதிப்படுத்தும் ஐடென்டிட்டி புரொவைடர் அனுப்பும் சேதியில் சாண்ட்பாக்ஸின் பெயர், இங்கே எதிர்பார்ப்பது வேறு பெயர். செட்டப்பிலேயே அந்தச் சேதியைச் சோதிக்கும் சேம்ல் அசர்ஷன் வேலிடேட்டர் இருக்கிறது. கடைசியாக வந்த சேதியை எடுத்துப் பார்த்து எந்த வரியில் பொருந்தவில்லை என்று அதுவே சொல்லிவிட்டது. சரிசெய்யும் வரை, மை டொமைன் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு 'லாகின்' என்று சேர்த்து, வழக்கமான யூசர்நேம்-பாஸ்வேர்ட் பக்கம் வழியாக அட்மின் உள்ளே போய் வந்துகொண்டிருந்தார். எஸ்எஸ்ஓ படுத்துக்கொண்டால் கைகொடுக்கும் வழி இது.

கடைசியாகக் கண்டுபிடித்தது எங்கள் ஆட்டோமேஷன். மனிதர்கள் எல்லோரும் நுழைந்த பிறகும் பழைய வசதிகள் கெடவில்லையா என்று பார்க்க இரவில் தானாக ஓடும் ரிக்ரஷன் டெஸ்ட் விழுந்துகொண்டே இருந்தது. பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியத்தை லாகின் பக்கத்தில் பாஸ்வேர்ட் அடிக்க வைத்தால் கோடு கேட்கும் இடத்தில் நின்றுவிடும் என்பதால் நாங்கள் ஏற்கெனவே, பாஸ்வேர்டுக்குப் பதில் சர்டிஃபிகேட்டை வைத்து நுழையும் ஜேடபிள்யூடி முறைக்கு மாறியிருந்தோம். அதற்காக வெளி நிரலை அனுமதிக்கும் பதிவான கனெக்டட் ஆப்பும், நீங்கள் ஊகித்தபடியே, பழைய சாண்ட்பாக்ஸில் மட்டும் உருவாக்கியது. புதிதாக உருவாக்கி, சர்டிஃபிகேட்டை ஏற்றி, அதன் அடையாளமான புது கன்ஸ்யூமர் கீயை, டெஸ்டுகளை ஓட்டும் பைப்லைனில் போட்டோம். அப்படியும் மறுத்தது. புது ஸ்கிரிப்டில் ஆடியன்ஸ் (நுழைவு டோக்கனை எந்த முகவரியிடம் கேட்கிறோம் என்பது) இருக்க வேண்டிய இடத்தில் புரொடக்‌ஷன் லாகின் முகவரி இருந்தது. டெஸ்ட் முகவரியாக மாற்றியதும் டோக்கன் கிடைத்தது. தரவை மொத்தமாக ஏற்றும் டேட்டா லோடரை பாஸ்வேர்டோடு செக்யூரிட்டி டோக்கன் சேர்த்துப் பயன்படுத்துபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பாஸ்வேர்டை ரீசெட் செய்தாலே டோக்கனும் மாறிவிடும், புது டோக்கன் மெயிலில்தான் வரும். எனவே '.இன்வேலிட்'டை எடுத்த பிறகே ரீசெட்.

இப்போது ரெஃப்ரெஷுக்கு முந்தைய வாரம் ஒரு ஷீட்டை அட்மினுக்கு அனுப்புகிறோம். சாண்ட்பாக்ஸில் மட்டும் இருக்கும் யூசர்கள், ஐபி வரம்புகள், கனெக்டட் ஆப்கள், எஸ்எஸ்ஓ விவரங்கள் எல்லாம் அதில் இருக்கும். டெஸ்டர்களைப் புரொடக்‌ஷனில் இன்ஆக்டிவ் யூசர்களாக உருவாக்கி வைக்க வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார். இன்ஆக்டிவ் யூசருக்கு லைசென்ஸ் செலவாகாது, நகலில் வந்துவிடுவார்கள், இங்கே ஆக்டிவ் ஆக்கினால் போதும். மெயில் வாலை எடுப்பதற்கு சாண்ட்பாக்ஸ் போஸ்ட்காப்பியைப் பயன்படுத்தி அட்மின் ஏபெக்ஸில் (சேல்ஸ்ஃபோர்ஸின் நிரல்மொழி) ஒரு கிளாஸ் எழுதியிருக்கிறார், நகலெடுத்து முடிந்ததும் தானாக ஓடும். எஸ்எஸ்ஓ மட்டும் இன்னும் கைவேலைதான். அது அவர்களுடைய ஐடென்டிட்டி குழுவின் கையில் இருக்கிறது, டிக்கெட் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.