நஞ்சுக்கொடியின் சாட்சியம்: ஆய்வக நாட்குறிப்பு

பிப்ரவரி 3

கர்ப்பம் 12 வாரமான ஒரு தாயின் இரத்த மாதிரியில் 13ஆம் குரோமோசோமின் அளவு கூடியிருப்பதாக இன்று முடிவு வந்தது. அளவு இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் காட்டும் இசட் மதிப்பு 3ஐத் தாண்டினாலே நாங்கள் நின்று பார்ப்போம். இதில் 6ஐத் தாண்டியிருந்தது. இரத்தத்தில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளில் சிசுவின் பங்கு 8 விழுக்காடு என்பதால், சிசுவுக்கு முழுமையான டிரைசோமி (எல்லாச் செல்களிலும் அந்தக் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று பிரதிகளாக இருப்பது) இருக்குமானால் 13ஆம் குரோமோசோமின் அளவு ஏறக்குறைய 4 விழுக்காடு கூடியிருக்க வேண்டும். கூடியிருப்பதோ அதில் பாதிதான். இந்தப் பாதி என்னை உறுத்துகிறது. எல்லாச் செல்களிலும் இல்லாமல் சிலவற்றில் மட்டும் கூடுதல் குரோமோசோம் இருக்கும் மொசைக் நிலையில்தான் பெரும்பாலும் இப்படித் தெரியும்.

பிப்ரவரி 5

மரபணு ஆலோசகரோடு நெடுநேரம் பேசினேன். தாயின் இரத்தத்தில் சிசுவின் டி.என்.ஏ. இருப்பதை டென்னிஸ் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1997இல் வெளியிட்டார்கள். ஆனால் அந்தத் துணுக்குகளில் பெரும்பாலானவை நஞ்சுக்கொடியின் வெளியடுக்குச் செல்கள் மடியும்போது வெளிப்படுபவை. அவை பிரசவத்துக்குப் பின் ஓரிரு நாட்களில் இரத்தத்திலிருந்து நீங்கிவிடும் என்பதால், முந்தைய பேறுகாலத்தின் எச்சம் இந்த முடிவைக் குழப்பியிருக்க வழியில்லை. நஞ்சுக்கொடியும் சிசுவும் ஒரே கருமுட்டையிலிருந்து வளர்ந்தவையானாலும், செல் பிரிதலில் நேரும் பிழை இவற்றுள் ஒன்றில் மட்டும் தங்கிவிடலாம். அவ்வகையில் நாம் கேட்டது நஞ்சுக்கொடியின் சாட்சியத்தைத்தான். சிசுவை இன்னும் விசாரிக்கவே இல்லை.

அறிக்கையில் ‘அதிக ஆபத்து’ என்று மட்டும் எழுதி அனுப்ப எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தோம். 5,000 கர்ப்பங்களில் ஒன்றில் டிரைசோமி 13 இருப்பதாகவும், பாதிப்பில்லாத ஆயிரம் பேரில் ஒருவருக்குச் சோதனை தவறாக எச்சரிப்பதாகவும் வைத்துக்கொண்டால், ஒரு லட்சம் பேரில் உண்மையான பாதிப்பு சுமார் 20, பொய் எச்சரிக்கை சுமார் 100. அதாவது எச்சரிக்கை பெறும் ஆறு பேரில் ஒருவருக்கே உண்மையில் பாதிப்பு இருக்கும். அதே சோதனையில், டவுன் நோய்க்குறிக்குக் காரணமான டிரைசோமி 21 மட்டும் 250இல் ஒன்றில் இருப்பதாக வைத்துக்கொண்டால், அதற்கு ஐந்தில் நான்கு எச்சரிக்கைகள் மெய்யாகும். சோதனையின் துல்லியம் 99 விழுக்காட்டுக்கும் மேல் என்று படித்துவிட்டு வரும் பெற்றோருக்கு இந்த வேறுபாட்டை யாராவது பொறுமையாக எடுத்துச் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாமல் விடுவதை அநீதி என்றே நான் கருதுகிறேன்.

பிப்ரவரி 11

விரிவான ஸ்கேனில் குறை ஏதும் தென்படவில்லை. டிரைசோமி 13 முழுமையாக இருக்கும் சிசுக்களில் மூளை, முகம், இதயம் ஆகியவற்றின் குறைபாடுகள் பல வேளைகளில் ஸ்கேனிலேயே தெரிந்துவிடும் என்பதால் இது நல்ல அறிகுறி. இருந்தாலும் இதை மட்டும் நம்பி முடிவு சொல்ல இயலாது.

நஞ்சுக்கொடித் திசுவை இப்போதே எடுத்துப் பார்க்கலாமா என்று குடும்பத்தினர் கேட்டிருக்கிறார்கள். விரைவாக விடை தெரிய வேண்டும் என்ற அவர்களின் தவிப்பு நியாயமானதே. ஆனால் சந்தேகமே நஞ்சுக்கொடியின் மீது இருக்கையில், மீண்டும் அதிலிருந்தே திசுவை எடுத்தால் அதே குழப்பம் திரும்பி வரக்கூடும். 15 வாரம் முடிந்தபின் பனிக்குடநீரைப் பரிசோதிப்பதே மேல் என்பது என் கருத்து. ஏனெனில் அந்த நீரில் சிசுவின் தோல், சிறுநீர்ப்பாதை முதலிய இடங்களிலிருந்து உதிர்ந்த செல்கள் இருக்கும். ஆலோசகர் இரண்டு வழிகளையும், ஊசி வழியே நீர் எடுப்பதில் கருச்சிதைவுக்குச் சிறு வாய்ப்பு உண்டு என்பதையும் விளக்கினார். காத்திருப்பது என்பது அவர்களே எடுத்த முடிவு.

மார்ச் 4

பனிக்குடநீர் வந்து சேர்ந்தது. வெளிர் மஞ்சள் நிறம், இரத்தக் கலப்பு இல்லை. முதலில் வரும் சில துளிகளில் தாயின் செல்கள் கலந்திருக்கக்கூடும் என்பதால் அவற்றைத் தனியே ஒதுக்கிவிட்டுத்தான் மருத்துவர் மாதிரியை எடுத்திருக்கிறார். மையச்சுழல் கருவியில் சுழற்றிய பிறகு குழாயின் அடியில் கடுகளவு செல் படிவம் நின்றது. அதில் ஒரு பகுதியை விரைவுச் சோதனைக்கும் மற்றதை வளர்ப்புக்கும் பிரித்தோம். தாயின் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, கலப்பு இல்லை என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

மார்ச் 6

விரைவுச் சோதனையில் 13ஆம் குரோமோசோம் இரண்டே பிரதிகள். தாயின் செல் கலப்பும் இல்லை. செய்தியை ஆலோசகர் இன்றே தொலைபேசியில் தெரிவித்துவிட்டார். குறைந்த அளவிலான மொசைக் நிலை இந்தச் சோதனையில் தப்பிவிடக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி நான் கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 18

வளர்ப்பில் தனித்தனியாகத் தோன்றிய செல் கூட்டங்கள் அனைத்திலும் இயல்பான 46 குரோமோசோம்களே இருந்தன. கூடுதல் குரோமோசோம் நஞ்சுக்கொடியோடு நின்றுவிட்டது என்பதே இப்போதைக்குப் பொருத்தமான விளக்கம். நஞ்சுக்கொடி பாதிக்கப்பட்டிருந்தால் சிசுவின் வளர்ச்சி சில வேளைகளில் குன்றலாம் என்பதால், பின்மாதங்களில் வளர்ச்சி ஸ்கேன்களை அறிக்கையில் பரிந்துரைத்திருக்கிறேன். பெற்றோர் இசைந்தால், பிரசவத்தின்போது நஞ்சுக்கொடியின் நான்கு பகுதிகளிலிருந்து திசு எடுத்து அனுப்பும்படியும் கேட்டு எழுதியாகிவிட்டது.