இரவு ஒன்பது மணிக்குக் குளித்த கோழி

எங்கள் வீட்டில் ஐந்து கோழிகள். மூன்றை அடையாளம் காண்பதில் யாருக்கும் சிரமம் இல்லை. ஒன்று வெள்ளை, ஒன்று புள்ளி, ஒன்று எதிரில் வருபவரையெல்லாம் கொத்தும். மிச்சம் இரண்டும், அதாவது அல்லியும் மல்லியும், ஒரே பழுப்பு நிறம், ஒரே கொண்டை, ஒரே நடை. என் மகள் மட்டும் பிரித்துச் சொல்வாள். "அல்லி முகத்தில் ஒரு சோகம் இருக்கும் அப்பா" என்பாள். நானும் எத்தனையோ முறை உற்றுப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்க்கும்போது இரண்டின் முகத்திலும் ஒரே அலட்சியம்தான்.

மகள் பள்ளிச் சுற்றுலாவுக்குப் போயிருந்த நாள் பார்த்து அல்லிக்கு உடம்புக்கு முடியாமல் போயிற்று.

முதலில் கவனித்தது அம்மா. "அந்தப் பழுப்புக் கோழி காலையிலிருந்து கேறவே இல்லை. முட்டைப் பெட்டிக்குள் போகிறது, வருகிறது, மறுபடியும் போகிறது. என்னவென்று பார்" என்றார். போய்ப் பார்த்தேன். இறகுகளை உப்பிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, பென்குயின் போல நட்டமாக நின்றிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. நடுநடுவே முக்கியது. தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகளைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்டதில், இரண்டு நாளாகவே அல்லி மந்தமாக இருந்ததாகவும், அதை என்னிடம் சொன்னதாகவும், நான் "உம்" என்றதாகவும் தெரிந்தது.

அன்று மாலை முழுவதும் படித்தேன். எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எதையாவது அரைகுறையாகப் படித்தால் உடனே யாருக்காவது வகுப்பு எடுத்தாக வேண்டும். அம்மாவும் மனைவியும் சிக்கினார்கள். கோழிக்கு வேலை செய்வது இடது பக்கத்து முட்டைப்பை மட்டும்தான் என்றேன். அங்கிருந்து கிளம்பும் மஞ்சள் கரு, ஏறக்குறைய 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள குழாய்க்குள் பயணம் செய்து, வழியில் வெள்ளைக் கருவைப் போர்த்திக்கொண்டு, கடைசியில் ஓடு பூசும் அறைக்கு வந்து சேர்கிறது. மொத்தம் 25 மணி நேர வேலை. அதில் ஓடு பூசுவதற்கே 20 மணி நேரம் ஆகிவிடும். பூசி முடித்த முட்டை வெளியே வராமல் நின்றுவிட்டால் அதுதான் முட்டை அடைப்பு. ஒன்றிரண்டு நாளுக்குள் வெளியே வராவிட்டால் கோழியின் உயிருக்கே ஆபத்து.

"இதெல்லாம் தெரியாமலா நான் இத்தனை கோழி வளர்த்தேன்?" என்றார் அம்மா. தெரியாமல்தான் வளர்த்தார், ஆனால் அவர் வளர்த்த கோழிகள் முட்டையிட்டன. அதனால் நான் வாதாடவில்லை.

சிகிச்சை என்று எல்லாரும் முதலில் சொல்வது வெதுவெதுப்பான நீர். வயிறு முழுகும் அளவுக்கு நீரில் கோழியைப் 15, 20 நிமிடம் உட்கார வைத்தால் தசைகள் தளரும். பிறகு நன்றாகத் துவட்டி, இருட்டான கதகதப்பான இடத்தில் தனியாக விட வேண்டும். ஆனால் வாளி தேடி, நீர் காய்ச்சி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, யார் பிடிப்பது யார் நனைவது என்று பேசி முடிப்பதற்குள் மணி ஒன்பது ஆகிவிட்டது. கோழிகள் அடைந்துவிட்டன.

டார்ச்சுடன் கூண்டுக்குப் போனேன். கழியின் ஓரத்தில், அல்லி வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு பழுப்புக் கோழி இறகை உப்பிக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தூங்குகிற எந்தக் கோழியும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கும் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை. இருட்டில் கோழி எதிர்ப்புக் காட்டாது. அப்படியே பூப்போல அள்ளிக்கொண்டு வந்தேன். "பாவம், துவண்டு கிடக்கிறது" என்று மனைவி கண் கலங்கினாள்.

குளியலறை வெளிச்சத்தில் முதல் பரிசோதனை. கழுத்தடியில் தீனிப்பையைத் தொட்டேன். கெட்டியாக, உருண்டையாக, நிறைந்திருந்தது. நாள் முழுக்க எதுவும் தின்னாத கோழியின் தீனிப்பை ஏன் நிறைந்திருக்கிறது? கொஞ்சம் அறிவுள்ளவன் அந்த இடத்தில் நின்று யோசித்திருப்பான். நான் படித்தவன் ஆயிற்றே. "தீனிப்பையிலும் அடைப்பு! இரண்டு நோய்!" என்று அறிவித்தேன். அடுத்து வாலுக்குக் கீழே வயிற்றை மெதுவாகத் தடவினேன். விரல்களுக்கடியில் உருண்டையாக ஒன்று தட்டுப்பட்டது. "இருக்கிறது! முட்டை இங்கேதான் நிற்கிறது!" இதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த மகிழ்ச்சி, நோயாளியின் வீட்டாருக்கு இருக்கக் கூடாத மகிழ்ச்சி என்று மனைவி பிற்பாடு குறிப்பிட்டாள்.

நீரில் வைத்ததும் அதுவரை துவண்டு கிடந்த நோயாளிக்கு உயிர் வந்தது. முதல் இறக்கை வீச்சில் என் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் மனைவி குளித்தாள். அம்மா வாசலில் நின்றபடி, "சாகக் கிடக்கிற கோழிக்கு எவ்வளவு பலம் பார்" என்றார். வெந்நீரின் மகிமை என்று விளக்கினேன். ஐந்து நிமிடத்தில் அடங்கி, கண்ணை மூடி, சொகுசாக மிதக்க ஆரம்பித்தது. எச்சத்துவாரத்தைச் சுற்றி எண்ணெய் தடவினோம். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து, நீரில் கலந்து, சொட்டுக் குழாயால் வாயில் விட்டேன். பாதியை விழுங்கியது, பாதியை என் சட்டைக்குத் திருப்பித் தந்தது. தலை உலர்த்தும் கருவியால் இளஞ்சூட்டில் உலர்த்தினோம். அட்டைப் பெட்டிக்குள் பழைய துண்டு விரித்து, போர்வை போர்த்தி, சமையலறை மூலையில் வைத்தோம்.

இரவு மூன்று முறை எழுந்து பார்த்தேன். மூன்று முறையும், தூங்கவிடமாட்டாயா என்ற தொனியில் ஒரு முனகல் வந்தது.

காலை ஏழு மணிக்குப் பெட்டிக்குள்ளிருந்து வீடே அதிரும்படி ஒரு கொக்கரிப்பு. போர்வையை விலக்கினால் உள்ளே ஒரு முட்டை. குறை சொல்ல முடியாத, வழவழப்பான, திடமான பழுப்பு முட்டை. எனக்குப் பேச்சே வரவில்லை. பிறகு வந்தது, நிற்கவில்லை. உறவினர் மூவருக்கு முட்டையின் படத்தை அனுப்பினேன். கால்நடை மருத்துவம் படித்திருக்கலாமோ என்று மனைவியிடம் கேட்டேன்.

எட்டரைக்கு மகள் வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்காமல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது மல்லி ஆயிற்றே, அப்பா."

யாரும் எதுவும் பேசவில்லை. அம்மா மட்டும் எழுந்து கூண்டுப் பக்கம் போனார். நானும் பின்னால் ஓடினேன். முட்டைப் பெட்டிக்குப் பின்னால், தரையில், கழியில் ஏறக்கூடத் தெம்பில்லாமல் இரவு முழுக்கக் கிடந்திருக்கிறது அல்லி. கொண்டை வெளுத்திருந்தது. மகள் சொன்ன சோகம் முதல்முறையாக எனக்கும் தெரிந்தது.

இதற்கு மேல் சோதனை செய்து பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை. காரை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போனோம். அவர் வயதில் இளையவர், பொறுமைசாலி. முதல் நாள் நடந்ததைச் சொல்லச் சொன்னார். மனைவி சொன்னாள். தேவையில்லாத விவரங்களையும் சேர்த்தே சொன்னாள்.

"இரவு ஒன்பது மணிக்கு வயிற்றைத் தொட்டால் முட்டை தட்டுப்படத்தான் செய்யும், சார்" என்றார் மருத்துவர், சிரிப்பை அடக்கியபடி. "மறுநாள் காலையில் இட வேண்டிய முட்டைக்கு அந்த நேரத்தில்தானே ஓடு பூசிக்கொண்டிருக்கும்? நன்றாக முட்டையிடுகிற எந்தக் கோழியைப் பிடித்தாலும் உங்களுக்கு முட்டை அடைப்பு கிடைத்திருக்கும்." தீனிப்பையைப் பற்றியும் சொன்னார். நன்றாக மேய்ந்த கோழிக்கு இரவில் அது நிறைந்திருக்கும், காலையில் காலியாக வேண்டும். காலையிலும் கெட்டியாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சொட்டுக் குழாய் விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. கோழிக்கு நாக்கின் அடியை ஒட்டியே மூச்சுக் குழாயின் வாய் திறந்திருக்கிறது. வாயைப் பிளந்து நீரை ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போய்விடலாம். அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்து, அதுவாக விழுங்கும் வரை பொறுக்க வேண்டும். முட்டையை அமுக்கித் தள்ள முயலவில்லையே என்று கேட்டார். இல்லை என்று சொன்னபோது, அந்த இரவில் நான் செய்யாமல் விட்ட ஒரே தவறு அதுதான் என்று தோன்றியது. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுச் சில்லுகள் குழாயைக் கிழித்துவிடும், சீழ் பிடித்துவிடும் என்றார்.

கையுறை மாட்டிக்கொண்டு அல்லியைப் பரிசோதித்தார். "முட்டை இருக்கிறது. ஆனால் ஓடு உருவாகவில்லை, தோல் முட்டை." ஓடில்லாத முட்டை மெத்தென்று இருப்பதால் சுலபமாக நழுவி வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். நேர்மாறாம். குழாயின் தசை இறுக்கித் தள்ளுவதற்குக் கெட்டியான பிடிமானம் வேண்டும். தோல் முட்டையைத் தள்ளுவது தண்ணீர் நிரப்பிய பலூனைத் தள்ளுவது போல, அமுக்கினால் வேறு பக்கம் பிதுங்கும். போதாக்குறைக்கு, ஓடு செய்யவும் கால்சியம் வேண்டும், தசை சுருங்கவும் கால்சியம் வேண்டும். ஒரே பணப்பையிலிருந்து இரண்டு செலவு. பை காலியானால் இரண்டுமே நடக்காது.

"கிளிஞ்சல் வைக்கிறீர்களா?" என்றார்.

"எப்போதும் வைத்திருக்கிறோம். தனிக் கிண்ணம் இருக்கிறது" என்றேன் பெருமையாக.

"அந்தக் கிண்ணத்தில்தான் அப்பா ஆணி போட்டு வைத்திருக்கிறார்" என்றாள் மகள்.

உண்மைதான். மூன்று வாரத்துக்கு முன் கூண்டுக் கதவைச் சரிசெய்தபோது அவசரத்துக்கு எடுத்தேன். ஓர் ஓடு செய்யவே ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். அதைக் கோழி ஆணியிலிருந்தா எடுக்க முடியும்? இதற்கு மேல் மகள் வேறு பாசத்தில் கை நிறைய தானியத்தை வீச, அல்லி அதிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு முட்டைக்கோழித் தீனியைத் தொடாமல் இருந்திருக்கிறது. இந்தப் பகுதியை மருத்துவர் சொன்னபோது மகள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கால்சியம் ஊசி போட்டார். சூடாக, இருட்டாக வைத்திருங்கள், மாலைக்குள் வராவிட்டால் திரும்பக் கொண்டு வாருங்கள், வேறு மருந்து கொடுத்துப் பார்க்கலாம் என்றார். அட்டையில் எழுத நோயாளியின் பெயரைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவியும் மகளும் ஒரே குரலில் "அல்லி" என்றார்கள்.

மாலை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்குப் பாதி வழியில், மனைவியின் மடியில், துண்டுக்குள் அல்லி ஒரு முறை எழுந்து நின்று நடுங்கியது. பிறகு உட்கார்ந்தது. "என்னவோ ஈரமாக இருக்கிறது" என்றாள் மனைவி. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஓடில்லாமல், கசங்கிய தோலுடன், விளக்கொளியில் பிடித்தால் மஞ்சள் கரு தெரியும் போல ஒரு முட்டை. காலையில் மல்லி இட்ட முட்டையின் அழகில் பாதிகூட இல்லை. படம் எடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அல்லி உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, அரைத் தூக்கத்திலிருந்து விழித்ததுபோல் சுற்றிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாக மனைவியின் வளையலைக் கொத்தியது.

வீட்டுக்கு வந்ததும் ஆணிகள் வெளியேறின, கிளிஞ்சல் குடியேறியது. தானியத்துக்கு அளவு வைத்தாயிற்று. இனி ஆள் மாறாமல் இருக்க அல்லியின் நகங்களுக்குச் சாயம் பூசுவது என்று முடிவாயிற்று. மகள் சிவப்பை எடுத்தாள். கோழிகள் சிவப்பைக் கண்டால் கொத்தும் என்று அம்மா தடுத்துவிட்டார். பச்சை பூசினோம். இரண்டு நாள் அல்லி பச்சை நகத்துடன் கம்பீரமாக உலவியது. மூன்றாம் நாள் முழுக்க மண்ணைக் கிளறியதில் சாயம் போன இடம் தெரியவில்லை.

"பரவாயில்லை அப்பா, சுலபமான வழி இருக்கிறது" என்றாள் மகள். "வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போங்கள். பயந்து ஓடுவது மல்லி, நிற்பது அல்லி."

வாளியை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டும் ஓடின.