கத்திரி வெயிலில் கலர் பிரிண்ட்

மே 6, செவ்வாய்

கானாடுகாத்தான், செட்டிநாட்டு வீடு. காலை வெயில் வளவுக்குள் (நடு முற்றம்) இறங்கியதும் தூண் வரிசையைப் படம் எடுத்தேன். 4×5 அங்குல ஷீட்டாக வரும் போர்ட்ரா 160 கலர் நெகட்டிவ் பிலிம், லென்ஸ் திறப்பு எஃப் 22, 1 வினாடி. விடியுமுன்பே இருட்டில் ஹோல்டரில் பிலிம் ஏற்றியாயிற்று. ஷீட்டின் வெட்டுக்குறி வலது மேல் மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால் இமல்ஷன், அதாவது ஒளியை வாங்கும் மருந்துப் பூச்சு, நம்மைப் பார்த்திருக்கிறது. இருட்டில் அது ஒன்றுதான் துணை.

மே 8, வியாழன்

நெகட்டிவ் கழுவியாயிற்று. கலர் நெகட்டிவுக்கான சி-41 முறை, 37.8 டிகிரி, டெவலப்பரில் 3 நிமிடம் 15 வினாடி. குறை சொல்ல ஒன்றுமில்லை.

மே 10, சனி

இரண்டாங்கட்டு சாமான் அறைதான் இருட்டறை. கறுப்பு வெள்ளை பிரிண்டுக்கு 20 டிகிரி வேண்டும். இந்த ஊர்க் கத்திரியில் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். கலர் தாளுக்கான ஆர்ஏ-4 முறை கேட்பதோ 35 டிகிரி. மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கிணற்று நீரைக் கலந்தால் சரியாக வந்துவிடுகிறது. வாளியில் டெவலப்பர் பாட்டிலை நிற்க வைத்துவிட்டு, டிரம்முக்குள் தாளைப் போட்டுத் தரையிலேயே உருட்டினேன். 45 வினாடி டெவலப்பர், அதை நிறுத்த ஸ்டாப் பாத், அப்புறம் பிளீச்சும் பிக்ஸரும் சேர்ந்த பிளிக்ஸ். வெயிலைத் திட்டாமல் வேலை செய்தது இன்றைக்குத்தான்.

தொல்லை கரண்ட்தான். சாயங்காலம் தெருவெல்லாம் ஏசி போட்டதும் வோல்டேஜ் இறங்குகிறது. நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழவைக்கும் என்லார்ஜரின் பல்பு சிவந்து எரியும். நெகட்டிவ் வேலையில் எல்லாம் தலைகீழ் என்பதால் பிரிண்ட் நீலப்பச்சைக்குச் சாய்ந்து வெளிறிப்போகும். பில்டரை எவ்வளவு திருகினாலும் பயனில்லை. ஊர் அடங்கட்டும் என்று இரவு பதினொன்றுக்கு மேல் உட்கார்ந்தேன்.

என்லார்ஜர் பில்டர்: மெஜந்தா 45, மஞ்சள் 55. தூண் நல்ல தேக்கு நிறம், ஆனால் பின்னால் இருக்கும் சுண்ணாம்புச் சுவர் செம்மை தட்டியிருந்தது. ஈரத்தாளில் நீலம் ஏறித் தெரியும், அதை நம்பக்கூடாது. டிரையரில் காயவைத்துப் பார்த்தேன், இன்னும் சிவப்பு. சிவப்பைக் குறைக்க மெஜந்தா, மஞ்சள் இரண்டையும் பத்துப் பத்து கூட்டி, ஒளியையும் நீட்டினேன். சுவர் பால் வெள்ளை. தூண் நீலம் பாரித்துவிட்டது.

மே 11, ஞாயிறு

இரண்டு பிரிண்டையும் முகப்பில் வைத்து ஆச்சியிடம் காட்டினேன். வெள்ளைச் சுவர்ப் படத்தைத் தள்ளிவிட்டார்கள்.

“இது யாரு வீட்டுச் சுவரு? நம்ம சுவரு காலை வெயிலுக்குச் செவந்துல்ல கெடக்கும்.”

வளவுக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடித் தட்டில் சாயம் ஊற்றி வார்த்த ஆத்தங்குடிச் சிவப்புத் தரைக்கல்லுக்கு வழவழப்பு அதிகம். அதில் பட்ட வெயில் சுவரில் போய் ஏறுகிறது. வெள்ளையைப் பிடித்துக்கொண்டு நிறத்தைச் சரிசெய் என்று சொல்லித்தருவார்கள். எந்த வெள்ளை, எந்த நேரத்தில் என்பதை யாரும் சொல்வதில்லை.

45, 55-க்கே திரும்பிவிட்டேன். பெரிய தாளில் போடுமுன் காரைக்குடி போய் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் வாங்க வேண்டும்.